இந்த ஐபி அந்த ரேஞ்சுக்குள் வருமா? நிரலில் சரிபார்ப்பது எப்படி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். சம்பளப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் தலைமை அலுவலக நெட்வொர்க்கில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே எல்லாக் கணினிகளின் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) 10.1 என்று தொடங்கின. நானும் வருகிற முகவரி 10.1 என்று தொடங்குகிறதா என்று ஒரே வரியில் எழுதி, நாலு பேர் கணினியில் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஏற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து குடோனிலிருந்து ஒருவர் போன் செய்தார்: "தம்பி, இங்கே எல்லாருடைய சம்பளமும் தெரியுதே, தெரியணுமா?"

குடோன் நெட்வொர்க் 10.14 என்று தொடங்கும். எழுத்தாகப் பார்த்தால் 10.14 என்பதும் 10.1 என்றுதான் தொடங்குகிறது. அதே கணக்கில் 10.10 முதல் 10.19 வரை, 10.100 முதல் 10.199 வரை இருந்த அத்தனை பேருக்கும் நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். கடைசியில் இன்னொரு புள்ளி சேர்த்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன், ஆனால் அடுத்த மாதமே ஒரு கிளைக்கு 10.20.16.0/20 என்று ரேஞ்ச் ஒதுக்கினார்கள் (இதன் பொருள் மூன்றாம் படியில்), அதை எத்தனை புள்ளி வைத்தாலும் சமாளிக்க முடியாது. அப்போது உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் பிறகு அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் புதிதாக நிரல் எழுத வந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எந்த மொழியாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் நிரல் வரிகளைத் தமிழிலேயே தருகிறேன், உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: முகவரியை எண்ணாக்குங்கள்

10.20.27.5 என்ற வடிவம் மனிதர்கள் படிப்பதற்காக வைத்தது. உள்ளே இருப்பது 32 பிட் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள்) அளவுள்ள ஒரே ஒரு எண். அதை எட்டெட்டு பிட்டாக நான்கு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதி, நடுவில் புள்ளி வைக்கிறோம். 1981இல் வெளியான ஐபி நான்காம் பதிப்பின் வரையறையிலிருந்தே இப்படித்தான். மொத்த முகவரிகள் 4,29,49,67,296, அதாவது கிட்டத்தட்ட 430 கோடி.

இதை ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டு பெரிது சிறிது பார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். போட்டோ1, போட்டோ2, போட்டோ10 என்று பெயர் வைத்த கோப்புகளைப் பெயர்ப்படி அடுக்கச் சொன்னால், சில கணினிகளில் போட்டோ10 போய் போட்டோ2க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். அதே கதைதான். ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் 10.0.0.9 என்பது 10.0.0.10ஐவிடப் பெரியது, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிறது.

எண்ணாக மாற்றுவது பள்ளியில் படித்த இடமதிப்புதான். அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் பத்து மடங்கு, இங்கே 256 மடங்கு.

எண் = 0
ஒவ்வொரு துண்டுக்கும், இடமிருந்து வலமாக:
எண் = எண் × 256 + துண்டு

10.20.27.5ஐ இதில் போட்டுப் பார்ப்போம். முதலில் 10. அப்புறம் 10 × 256 + 20 = 2580. அதை 256ஆல் பெருக்கி 27 கூட்டினால் 660507. மறுபடியும் 256ஆல் பெருக்கி 5 கூட்டினால் 169089797. இதுதான் அந்த முகவரியின் உண்மையான உருவம். நம்பிக்கை வரவில்லையென்றால் லினக்ஸ் கணினியில் பிங் கட்டளைக்கு 2130706433 என்ற எண்ணை மட்டும் கொடுத்துப் பாருங்கள், 127.0.0.1க்குப் போய் நிற்கும்.

இரண்டாம் படி: தொடக்கமும் முடிவும் கொடுத்திருந்தால்

ரேஞ்ச் இரண்டு விதமாக நம் கைக்கு வரும். 192.168.10.50 முதல் 192.168.10.60 வரை என்று சொல்வது ஒன்று. இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை, மூன்றையும் எண்ணாக்கிவிட்டு நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்:

உள்ளே = (தொடக்கம் ≤ எண்) மற்றும் (எண் ≤ முடிவு)

இரண்டு பக்கமும் சமக்குறி உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள், முடிவு முகவரியும் ரேஞ்சைச் சேர்ந்ததுதான். இன்னொரு தவறும் நடக்கும்: நான்கு துண்டுகளையும் தனித்தனியாக ஒப்பிடுவது. முதல் துண்டு நடுவில் இருக்கிறதா, இரண்டாவது இருக்கிறதா என்று நான்கு நிபந்தனை எழுதுவார்கள். 10.0.5.200 முதல் 10.0.7.20 வரை என்ற ரேஞ்சில் 10.0.6.100 நன்றாக உள்ளே இருக்கிறது, ஆனால் கடைசித் துண்டு 100 என்பது 200க்கும் 20க்கும் நடுவில் இல்லையே, நிரல் இல்லை என்று சொல்லிவிடும். எண்ணாக்கினால் இந்தத் தொல்லையே கிடையாது.

மூன்றாம் படி: ஸ்லாஷ் போட்டுக் கொடுத்திருந்தால்

10.20.16.0/20 என்பதுபோல் எழுதுவதை சைடர் முறை என்பார்கள். 1993இல் வந்தது. அதற்கு முன் ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்து 1.67 கோடி, 65,536, 256 என்று மூன்றே அளவில் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 256 போதாதவர்களுக்கு நேரே 65,536 கொடுத்து வீணடித்தார்கள். சைடர் வந்தபின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டலாம் என்றானது. (192 என்று தொடங்கினால் சி வகுப்பு என்று இன்றைக்கும் பாடம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுங்கள்.)

ஸ்லாஷுக்குப் பின்னால் இருக்கும் 20, முன்பகுதி 20 பிட் எல்லோருக்கும் பொது என்கிறது. மீதி 12 பிட் மாறலாம், ஆக 2இன் 12ஆம் அடுக்கு, 4096 முகவரிகள். பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தில் மாஸ்க், ஆண்ட், ஷிஃப்ட் என்று ஆரம்பித்துவிடும், புதிதாகப் படிப்பவர் அங்கேயே கழன்றுகொள்வார். எனக்குப் பிடித்த வழி வகுத்தல். 430 கோடி முகவரிகளையும் முதலிலிருந்து 4096, 4096 ஆகக் கட்டுக் கட்டி அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகவரிகளும் ஒரே கட்டில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. 4096ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிட்டால் கட்டு எண் கிடைத்துவிடும்.

அளவு = 2இன் (32 − ஸ்லாஷ் எண்) அடுக்கு
உள்ளே = முழுவகுத்தல்(எண், அளவு) = முழுவகுத்தல்(ரேஞ்ச் எண், அளவு)

10.20.16.0இன் எண் 169086976. 4096ஆல் வகுத்தால் 41281. நம்முடைய 10.20.27.5, அதாவது 169089797ஐ வகுத்தாலும் மீதி போக 41281. ஒரே கட்டு, ஆகவே உள்ளே. 10.20.32.1இன் எண் 169091073, அதை வகுத்தால் 41282. அடுத்த கட்டு, ஆகவே வெளியே. இந்த ரேஞ்ச் 10.20.31.255இல் முடிந்துவிடுகிறது.

இப்போது மாஸ்க் என்பதும் எளிதாகப் புரியும். 32 பிட்டில் முதல் 20 பிட் 1, மீதி 0 என்று வைத்தால் 255.255.240.0 கிடைக்கும். முகவரியையும் இதையும் பிட்வாரியாக ஆண்ட் செய்தால் (இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1, மற்றபடி 0) பின்பகுதி அழிந்து முன்பகுதி மட்டும் நிற்கும். வகுத்து மீதியைத் தள்ளியதும் இதுவும் ஒரே வேலைதான், கணினிக்கு இது கொஞ்சம் விரைவு. மூன்றாவது துண்டை மட்டும் பாருங்கள்: 16 என்பது 00010000, 27 என்பது 00011011, 32 என்பது 00100000. முதல் நாலு பிட் முதல் இரண்டுக்கும் 0001, மூன்றாவதுக்கு 0010.

பிட் வழியில் போவதானால் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் பிட் செயல்கள் எல்லாம் குறியுள்ள 32 பிட் எண்ணில் நடக்கும். 192ஐ 24 இடம் இடப்பக்கம் தள்ளினால் 3221225472 வராது, −1073741824 வரும். 128இலும் அதற்கு மேலும் தொடங்கும் முகவரிகள் எல்லாம் மைனஸில் போய்விட, 127இல் தொடங்கி 128இல் முடியும் ரேஞ்சில் தொடக்கம் முடிவைவிடப் பெரிதாகிவிடும். கடைசியில் மூன்று வலக்குறியும் ஒரு சுழியமும் போட்டு, அதாவது >>> 0 என்று, குறியில்லாத எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது குழி /0. அப்போது 32 இடம் தள்ளவேண்டி வரும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 32 இடம் தள்ளு என்றால் ஒரு இடம்கூடத் தள்ளாமல் அப்படியே திருப்பித் தரும், சி மொழியில் 32 பிட் எண்ணை 32 இடம் தள்ளினால் என்ன நடக்கும் என்று வரையறையே கிடையாது. 32 பிட்டைவிடப் பெரிய எண் வகையில் கணக்கிட்டால், வகுக்கும் வழியில் இந்த இரண்டு குழியும் இல்லை.

.0, .255 என்று முடிகிற முகவரிகளைத் தானாகவே விலக்கிவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். /24இல் அவை நெட்வொர்க் முகவரி, பிராட்காஸ்ட் முகவரி என்பது சரி. ஆனால் நம்முடைய /20இல் 10.20.16.255, 10.20.17.0 இரண்டுமே ஒரு கணினிக்குக் கொடுக்கக்கூடிய சாதாரண முகவரிகள்.

நான்காம் படி: இப்போது இதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு லைப்ரரியைப் பயன்படுத்துங்கள்

கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தவறு வரும்போது எங்கே பார்ப்பது என்று அது சொல்லும். ஆனால் வேலைக்குப் போகிற நிரலில் நீங்களே எழுத வேண்டாம். பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து ஐபிஅட்ரஸ் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. அதில் ஐபி_அட்ரஸ் என்ற ஃபங்ஷனுக்கு முகவரியைக் கொடுங்கள், ஐபி_நெட்வொர்க் என்ற ஃபங்ஷனுக்கு 10.20.16.0/20ஐக் கொடுங்கள், பிறகு பட்டியலில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்கப் பயன்படுத்தும் அதே 'இன்' என்ற சொல்லால் கேளுங்கள். ஆம் இல்லை என்று பதில் வந்துவிடும்.

இதில் முதல் நாளே எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, முகவரியை ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொண்டு 'இன்' என்று கேட்டால் பிழை வரும், ஐபி_அட்ரஸ் வழியாக மாற்றியே ஆகவேண்டும். இரண்டு, 10.20.27.5/20 என்று கொடுத்தால் ஐபி_நெட்வொர்க் ஏற்காது, ஏனென்றால் அது கட்டின் முதல் முகவரி இல்லை. ஸ்ட்ரிக்ட் என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் அதுவே 10.20.16.0/20 ஆகத் திருத்திக்கொள்ளும். கைகளால் தட்டச்சு செய்த அமைப்புக் கோப்பிலிருந்து ரேஞ்ச் வருகிறதென்றால் நான் ஸ்ட்ரிக்டாகவே விடுவேன், தட்டச்சுத் தவறு அப்போதே தெரிந்துவிடும். மூன்று, ரேஞ்சில் உள்ள எல்லா முகவரிகளையும் பட்டியலாக விரித்து அதில் தேடுவது. 10.0.0.0/8ஐ இப்படி விரித்தால் 1,67,77,216 பொருள்கள் நினைவகத்தில் வந்து உட்காரும். ஹோஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷனால் விரித்திருந்தால் முதல் முகவரியும் கடைசி முகவரியும் அதில் இருக்கவும் இருக்காது.

மற்ற மொழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோ மொழியில் 1.18 பதிப்பிலிருந்து நெட்ஐபி என்ற தொகுப்பு இருக்கிறது, அதில் ப்ரீஃபிக்ஸ் என்ற வகைக்கு கன்டெய்ன்ஸ் என்று ஒரு செயல் உண்டு. நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) நெட் மாட்யூலுக்குள் பிளாக்லிஸ்ட் என்ற கிளாஸ் இருக்கிறது. பெயர் தடைப்பட்டியல் என்றாலும் அனுமதிப் பட்டியலுக்கும் அதையே பயன்படுத்தலாம், தனி முகவரி, தொடக்கம்-முடிவு, ஸ்லாஷ் மூன்றையும் சேர்க்கலாம். டாட்நெட் 8இல் ஐபிநெட்வொர்க் என்றே வந்துவிட்டது. ரூபியில் ஐபிஅட்ர். பிஎச்பியில் ஐபி2லாங் இருக்கிறது, ஆனால் தவறான முகவரி கொடுத்தால் அது ஃபால்ஸ் என்று திருப்பித்தரும், அதைச் சரிபார்க்காமல் அப்படியே கணக்கில் போட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஜாவாவில் கூடவே வருவது எதுவும் ரேஞ்ச் பார்க்காது. ஸ்ட்ரிங்கை முகவரியாக்க வழி தேடினால் முதலில் கண்ணில் படும் இன்எட்அட்ரஸின் கெட்பைநேம், கொடுத்தது ஐபி வடிவத்தில் இல்லையென்றால் பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்ஸில் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) தேடப் போய்விடும். வெளியாள் தட்டச்சு செய்ததை அதனிடம் கொடுக்காதீர்கள்.

முன்னால் வரும் சுழியம்

இதற்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம், ஏனென்றால் 2021இல் பல லைப்ரரிகள் இதில் மாட்டின. 010.8.8.8 என்று ஒருவர் அனுப்பினால் அது எந்த முகவரி? பத்து என்று படித்தால் 10.8.8.8, உள் நெட்வொர்க். ஆனால் சி மொழிக் காலத்திலிருந்து வரும் பழக்கப்படி முன்னால் சுழியம் இருந்தால் எண்மான எண், அதாவது 8ஐ அடிமானமாகக் கொண்டது, ஆக 010 என்றால் எட்டு, முகவரி 8.8.8.8, அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். சரிபார்க்கும் நிரல் ஒரு மாதிரியும் இணைப்பை ஏற்படுத்தும் நிரல் வேறு மாதிரியும் படித்தால், காவலாளி ஒருவரைப் பார்த்து உள்ளே விட, உள்ளே போனது வேறொருவர். நோடில் பரவலாகப் பயன்படும் நெட்மாஸ்க் என்ற தொகுப்பில் அந்த ஆண்டு மார்ச்சில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பைத்தானின் ஐபிஅட்ரஸ் மாட்யூலும் இதில் மாட்டியது, 3.9.5இலிருந்து முன்சுழியம் இருந்தாலே பிழை என்று சொல்லிவிடுகிறது. கோ மொழியும் 1.17இல் அதே முடிவுக்கு வந்தது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது: முகவரியை ஒரே ஒரு முறை பாகுபடுத்துங்கள், கிடைத்த பொருளையே சரிபார்ப்புக்கும் இணைப்புக்கும் பயன்படுத்துங்கள், மூல ஸ்ட்ரிங்கை மறுபடி தொடாதீர்கள். சந்தேகமான வடிவம் எதுவாக இருந்தாலும் இல்லை என்று திருப்பி அனுப்புங்கள். பாகுபடுத்த முடியாதபோது பிழையை விழுங்கிவிட்டு "பரவாயில்லை, உள்ளே வா" என்று விட்டுவிடும் நிரலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் திருத்தியிருக்கிறேன்.

ஆறாம் பதிப்பு வந்தால்

எனக்கு ஐபி ஆறாம் பதிப்பு தேவையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் சர்வர் அப்படி நினைக்காது. பல சர்வர்கள் இரண்டு பதிப்பு இணைப்புகளையும் ஒரே வாசலில் ஏற்கும், அப்போது பழைய முகவரியிலிருந்து வருபவரையும் ஆறாம் பதிப்பு உடை போட்டுத்தான் உங்களிடம் காட்டும்: இரண்டு முக்காற்புள்ளி, நான்கு எஃப், மறுபடி ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் 10.20.27.5. நோடில் எழுதுபவர்கள் லாக்கில் இதைப் பார்த்திருப்பார்கள். உங்கள் ரேஞ்ச் 10.20.16.0/20, முகவரி அதற்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் நிரல் இல்லை என்கிறது. பதிப்பு வேறாக இருந்தால் பைத்தானும் இல்லை என்றுதான் சொல்லும், கோவின் புதிய நெட்ஐபியும் அப்படியே. பைத்தானில் ஐபிவி4_மேப்டு என்ற பண்பைக் கேட்டால் உடையைக் கழற்றிப் பழைய முகவரியைத் தரும், கோவில் அன்மேப் செய்யலாம். சரிபார்ப்பதற்கு முன் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

மற்றபடி கணக்கு மாறவில்லை. 32 பிட்டுக்குப் பதில் 128 பிட், அவ்வளவுதான். எண் பெரிது என்பதால் பைத்தான், ரூபி போன்றவை தவிரப் பல மொழிகளில் சாதாரண முழு எண்ணில் அடங்காது, அதனால் வகுக்கும் வழியை விட்டுவிட்டு லைப்ரரிக்கே போய்விடுங்கள். ஒரே ஆறாம் பதிப்பு முகவரியைச் சுழியங்களைச் சுருக்கியும் விரித்தும், பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் பல விதமாக எழுதலாம் என்பதால் ஸ்ட்ரிங் ஒப்பீடு இங்கே சுத்தமாகச் செல்லாது. ஒருவரைத் தடுக்க அவருடைய ஒரு முகவரியை மட்டும் தடுப்பதிலும் பயன் இல்லை, வீட்டு இணைப்புக்கே குறைந்தது ஒரு /64 கிடைப்பதுதான் வழக்கம், அதற்குள் கணினி முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த முகவரி எங்கிருந்து வந்தது?

ரேஞ்ச் கணக்கைச் சரியாக எழுதியும் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் சர்வருக்கு முன்னால் ப்ராக்ஸியோ லோட் பேலன்சரோ (பயனரின் கோரிக்கையை வாங்கி உங்கள் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை சர்வர்) இருந்தால், இணைப்பில் தெரியும் முகவரி அதனுடையது. பயனருடையது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு வரியில் வரும். ஆனால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதில் முதலில் இருக்கும் முகவரியை எடுத்து 10.20.16.0/20இல் இருக்கிறதா என்று பார்த்தால், வெளியில் இருந்துகொண்டே 10.20.16.7 என்று எழுதி அனுப்புகிறவர் நேராக உள்ளே வந்துவிடுவார்.

சரியான வழியிலும் ரேஞ்ச் சரிபார்ப்புதான் வருகிறது, ஆனால் இரண்டு முறை. கிளவுட்ஃப்ளேர் என்ற ப்ராக்ஸி சேவைக்குப் பின்னால் உங்கள் சர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் தங்கள் ரேஞ்சுகளைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் 172.64.0.0/13 ஒன்று. 13 பிட் போக மீதி 19, ஒரு கட்டுக்கு 5,24,288 முகவரிகள், அதாவது 172.64இலிருந்து 172.71 வரை. இணைப்பு 172.70இலிருந்து வந்தால் அது நம் ப்ராக்ஸி, தலைப்பு வரியை நம்பலாம். வேறு எங்கிருந்தாவது வந்தால் தலைப்பு வரியைப் பார்க்கவே கூடாது. நம்பலாம் என்றாலும் வரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள், நம்பிக்கையான ப்ராக்ஸிகளின் ரேஞ்சில் இருப்பதைத் தாண்டிக்கொண்டே வந்து, இல்லாத முதல் முகவரியில் நில்லுங்கள். அதுதான் பயனர்.

172 என்ற எண் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் உள் நெட்வொர்க்குகளுக்கென்று மூன்று ரேஞ்ச் ஒதுக்கினார்கள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் இருப்பது 172.16 முதல் 172.31 வரை மட்டும்தான். 172 என்று தொடங்கினால் உள் நெட்வொர்க் என்று எழுதிய நிரலுக்கு, மேலே பார்த்த கிளவுட்ஃப்ளேர் ரேஞ்சும் உள் நெட்வொர்க்காகத் தெரியும். பயனர் கொடுக்கும் இணைப்பை உங்கள் சர்வர் போய்த் திறக்கப்போகிறது என்றால் இந்த மூன்றோடு 127.0.0.0/8, 169.254.0.0/16, 100.64.0.0/10 ஆகியவற்றையும் தடுங்கள். 169.254.169.254 என்ற முகவரியில்தான் அமேசான் உள்ளிட்ட கிளவுட் சேவைகள் தங்களிடம் ஓடும் சர்வருக்கு அதன் ரகசியச் சாவிகள்வரை தருகின்றன. 100.64 என்பது 2012இல் இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைப் பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைக்க ஒதுக்கியது. பைத்தானில் ஈஸ்_பிரைவேட் என்று கேட்டால் இதற்கு இல்லை என்றே பதில் வரும், ஈஸ்_குளோபல் என்று கேட்டாலும் இல்லை என்றுதான் வரும். வெளியே போக அனுமதிப்பதற்கு இரண்டாவது கேள்வியைக் கேட்பதே பாதுகாப்பு.

தரவுத்தளத்திலும் ஆயிரக்கணக்கான ரேஞ்சிலும்

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலையே இல்லை, ஐநெட் என்ற வகையில் சேமித்துவிட்டு <<= என்ற குறியால் கேட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் ஐநெட்_ஏடன் என்ற ஃபங்ஷன் முகவரியை எண்ணாக்கித் தரும். அதைச் சேமிக்கும் கட்டம் குறியில்லாத முழு எண்ணாக இருக்க வேண்டும். ஒரு பழைய திட்டத்தை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட பயனர்கள் 127.255.255.255 என்ற ஒரே முகவரியிலிருந்து வந்ததாக இருந்தது. நான் ஏதோ தாக்குதல் என்றே நினைத்துவிட்டேன். கட்டத்தைக் குறியுள்ள எண்ணாக உருவாக்கியிருந்தார்கள், அதன் உச்சம் 2147483647, அதைத் தாண்டிய எல்லா முகவரியையும் பழைய தளர்வான அமைப்பில் இருந்த மைஎஸ்க்யூஎல் அந்த உச்சத்திலேயே வெட்டிவைத்திருந்தது. 128இலோ அதற்கு மேலோ தொடங்கும் எதுவும் மிஞ்சவில்லை, மீட்கவும் வழியில்லை.

ரேஞ்சுகள் பத்து இருபது என்றால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாலே போதும், வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கில் போனால் எல்லாவற்றையும் தொடக்கம், முடிவு என்ற எண் ஜோடிகளாக்கி, ஒன்றின்மேல் ஒன்று விழுவதை இணைத்து, தொடக்கப்படி அடுக்கிவிடுங்கள். தேடும்போது நம் எண்ணைத் தாண்டாத கடைசித் தொடக்கத்தை இருமத் தேடலில் கண்டுபிடித்து, அதன் முடிவுக்குள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் ரேஞ்சுக்குப் பத்துப் படி. பைத்தானில் இணைப்பதற்கு கொலாப்ஸ்_அட்ரசஸ், தேடுவதற்கு பைசெக்ட். தொடக்கம்-முடிவு என்று இருப்பதை ஸ்லாஷாக மாற்ற சம்மரைஸ்_அட்ரஸ்_ரேஞ்ச். ஒரே ஸ்லாஷில் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், முன்னால் பார்த்த 192.168.10.50 முதல் 60 வரை என்பது 50/31, 52/30, 56/30, 60/32 என்று நான்கு துண்டாக உடையும்.

சோதனை

நடுவில் இருக்கும் ஒரு முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள், நான் செய்தது அதுதான். 10.20.16.0/20க்கு நான் இப்போது எழுதும் சோதனைகள் இவை:

10.20.15.255: இல்லை
10.20.16.0: ஆம்
10.20.31.255: ஆம்
10.20.32.0: இல்லை
10.20.160.1: இல்லை (ஸ்ட்ரிங் ஒப்பீடு ஒளிந்திருந்தால் இது பிடித்துக்கொடுக்கும்)
010.20.16.1, 10.20.16, 10.20.16.256, வெற்று ஸ்ட்ரிங்: எல்லாமே பிழை
நான்கு எஃப் உடை போட்ட 10.20.27.5: ஆம்

இவற்றோடு ஒரே முகவரி கொண்ட /32 ஒன்றும், எல்லாவற்றையும் உள்ளே விடும் /0 ஒன்றும். /0 தற்செயலாக அமைப்புக் கோப்பில் வந்துவிட்டால் நிரல் கிளம்பவே கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறேன். ரேஞ்சுகளை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாருடையது, எப்போது சேர்த்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது எந்த முகவரி, எந்த ரேஞ்சோடு ஒப்பிட்டது என்று லாக்கில் போடுங்கள், இல்லையென்றால் "எனக்குத் திறக்கல" என்று போன் வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். சம்பளப் பட்டியல் மாதிரியான பக்கத்துக்கு ஐபி சரிபார்ப்போடு கடவுச்சொல்லும் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் நான் அதையும் வைத்திருக்கவில்லை.